ஒரு வினைச்சொல்லும் ஒரு வண்டித் திராட்சைக் குச்சியும்

சின்னமனூரில் ஓடுகிற அரிசி ஆலை நான் கட்டியது. அதன் பின்பக்கம் நிற்கிற மூன்று லாரிகளும் என்னுடையவை. பாறையைத் தவிர ஒன்றுமில்லை என்று நான்கு பேர் கைவிட்டுப் போன நிலத்தில் வெடிவைத்து இரண்டு கிணறு இறக்கினேன். சித்திரையிலும் இரண்டிலும் ஆள் மட்டம் தண்ணீர் நிற்கும். ஓடைப்பட்டி போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அதிலுள்ள சமையற்கட்டு மாதிரி அகலமான சமையற்கட்டு இந்த வட்டாரத்தில் வேறு எங்காவது இருந்தால் காட்டுங்கள், என் மீசையை எடுத்துவிடுகிறேன். இத்தனையும் மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் செய்தது. (நான் விட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. என்னை விட்டவர் வாத்தியார்.) வெள்ளம் வந்தது, மாடுகளுக்குக் கோமாரி வந்தது, யுத்தகாலத்தில் பெட்ரோல் இல்லாமல் போனது, சொந்தக்காரனே கேஸ் போட்டான். எதற்கும் அசையவில்லை.

அப்பேர்ப்பட்டவனை மண்ணைக் கவ்வ வைத்தது ஒரே ஒரு சொல். அதற்கு வினைச்சொல் என்று பெயராம், காலேஜில் படிக்கிற பேத்தி சொன்னாள். பெயர் தெரியாமலேதான் அதனிடம் அடி வாங்கினேன்.

நான் சொல்வது வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். தேனிக்கு ரயில் வந்து கொஞ்ச வருடம்தான் ஆகியிருந்தது. எனக்கு இருபத்துநான்கு வயது, கல்யாணமாகி இரண்டு வருடம். மனைவி பேச்சியம்மாளின் அண்ணன் சின்னச்சாமி மச்சான் ஆறு பார வண்டிகள் வைத்திருந்தார். எட்டாவது வரை படித்தவர், இங்கிலீஷ் பேசுவார், கோட்டுப் போடுவார். அவருடைய ஒரு வண்டியை ஓட்டுகிற கூலி ஆள் நான். மாடுகள் மட்டும் என் சொந்தம்: மயிலை ஒன்று, செவலை ஒன்று. கம்பத்திலிருந்து குமுளி மலை ஏறி, மேலே இருக்கிற எஸ்டேட்டுகளுக்கு அரிசி கொண்டுபோய் இறக்கிவிட்டு, ஏலக்காய் மூட்டையோடு திரும்புவேன்.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. விசேஷ வீடுகள்தான் கஷ்டம். பந்தியில் மச்சான் என்னைக் காட்டி, "இது நம்ம வீட்டு மாப்ள, நம்மகிட்டத்தான் வண்டி ஓட்டுறாப்ல" என்பார். 'நம்மகிட்டத்தான்' என்கிற இடத்தில் ஒரு அழுத்தம் கொடுப்பார் பாருங்கள், வாயில் போட்ட அப்பளம் தொண்டையில் நிற்கும்.

அப்போது மலைமேல் ஒரு எஸ்டேட்டை ஒரு புதுத் துரை வாங்கினார். ஸ்பெயின் தேசத்துக்காரர். அவர் ஒரே ஒரு ஆளிடம் வருஷம் முழுவதற்குமான பாரம் இழுக்கிற காண்ட்ராக்டைக் கொடுக்கப்போகிறார் என்று செய்தி வந்தது. மச்சான் அன்றைக்கே கோட்டை வெளுக்கப் போட்டார். எனக்கு ராத்திரியும் பகலும் அதே நினைப்பு. அந்தக் காண்ட்ராக்ட் கிடைத்தால் நான் சொந்த வண்டிக்காரன். கிடைக்காவிட்டால் சாகிறவரை 'நம்மகிட்டத்தான்'.

துரையின் சமையல்காரன் வர்க்கி கொச்சிக்காரன். ஒன்பது வருடம் ஸ்பெயின் பாதிரிமார் மடத்தில் அடுப்பு ஊதியவன். ஒருநாள் அரிசி இறக்கும்போது ஒரு ரகசியம் சொன்னான்.

"எடோ முத்தையா, துரைக்கு இங்கிலீஷ் கேட்டா பல்லுவலி வந்த மாதிரி ஆகும். ஆரெங்கிலும் ரெண்டு வார்த்தை ஸ்பானிஷ் பேசினா மதி, அதே போதும், மனுஷன் அழுதுருவாரு."

நான் அங்கேயே முடிவு செய்தேன். மச்சானிடம் இங்கிலீஷ் இருக்கட்டும். நான் ஸ்பானிஷ் படித்துவிடுவேன். (தமிழிலேயே என் பெயரை எழுத எனக்கு இரண்டு மூச்சு பிடிக்கும். வாலிப வயதில் இதெல்லாம் ஞாபகம் வருவதில்லை.)

குருதட்சணை வாரம் ஒரு படி கருவாடு. மலைமேல் மீன் வாடை இல்லாமல் வர்க்கி தவித்துக்கொண்டிருந்தான். அவன் ரொம்ப யோசித்து, "வண்டிக்காரனுக்கு ஒரே ஒரு வார்த்தை போதும், 'கொண்டுவா'. அதை மட்டும் படி" என்றான். எனக்கே சிரிப்பு வந்தது. ஒரு வார்த்தைதானே, ஒரு மூட்டை ஏற்றுகிற நேரத்தில் படித்துவிடலாம் என்று அடுப்பங்கரையில் உட்கார்ந்தேன்.

எழுந்திருக்கும்போது எனக்குக் காய்ச்சல்.

"கொண்டுவருகிறேன், த்ராய்கோ" என்றான். சரி என்றேன். "நீ கொண்டுவருகிறாய், த்ராயெஸ்." சரி, ஆள் மாறினால் வால் மாறுகிறது, நம் ஊரிலும் அப்படித்தான். "கொண்டுவருவேன், த்ராயெரே." அதுவும் சரி. "கொண்டுவந்தேன், த்ராஹே." இங்கே கொஞ்சம் இடித்தது. மாட்டின் தலை தெரிகிறது, உடம்பு எங்கே என்று தெரியவில்லை. அதையும் விழுங்கினேன். அப்புறம் அவன், "கொண்டுவந்தேன், த்ராயீயா" என்றான்.

"அது இப்பத்தானடா சொன்ன? த்ராஹேன்னு."

"அது வேற, இது வேற. நேத்து ஒருநாள் கொண்டுவந்தா த்ராஹே. முன்ன எல்லாம் தெனம் கொண்டுவந்துகொண்டிருந்தா த்ராயீயா. இன்னைக்குக் காலைல கொண்டுவந்து இதோ எறக்கி வச்சிருந்தா, ஏ த்ராயீதோ."

"எல்லாம் ஒரே அரிசி மூட்டைதான?"

"மூட்டை ஒண்ணு. காலம் வேற."

"முடிஞ்சுபோனது முடிஞ்சுபோனதுதானப்பா. அதுக்குள்ள என்ன மேல் முடிஞ்சது, கீழ் முடிஞ்சது?"

வர்க்கி பெருமூச்சு விட்டான். "எனக்கும் முதல்ல தல கறங்கிருச்சு. எங்க நாட்டுல ஞான் போயி, நீ போயி, அவன் போயி. எல்லாருக்கும் ஒரே போயிதான்."

"அப்ப யாரு போனான்னு எப்படிய்யா தெரியும்?"

"போனதுக்கப்புறம் ஆரு போனா என்ன?"

இந்தத் தத்துவத்தோடு மலை இறங்கினேன். பாதி வழியில் த்ராஹே நேற்றா, முன்னேயா என்று குழம்பி, வழிக் கடையில் இறக்க வேண்டிய உப்பு மூட்டையை இறக்காமல் கம்பத்துக்கே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அது எந்தக் காலத்தில் சேர்த்தி என்று வர்க்கிக்கும் தெரியவில்லை.

வீட்டில் இன்னொரு கூத்து. சோற்றைப் பிசைந்துகொண்டே நான் 'த்ராஹே, த்ராஹீஸ்தே, த்ராஹோ' என்று முனகுவதை என் மாமியார் நாலு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் கோடாங்கியைக் கூட்டிவந்துவிட்டார். கோடாங்கி உடுக்கை அடித்து, "யாரு நீ? எங்கருந்து வந்துருக்க?" என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன், ஸ்பெயின் என்று. அவர் திகைத்துப்போய், "இது நம்ம எல்லைக்குள்ள உள்ளது இல்ல ஆத்தா, கடல் தாண்டி வந்துருக்கு" என்று எழுந்து போய்விட்டார்.

பேச்சியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். இத்தனை இறந்தகாலத்தை வைத்துக்கொண்டு அந்தத் தேசத்தார் எப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்களோ என்று புலம்பினேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"நம்ம பேச்சுலயுந்தான் இருக்கு மாமா. அன்னைக்கு எங்கண்ணன் உப்பு மூட்டையக் கொண்டுபோகலியான்னு கேட்டாகல்ல? நீ மொதல்ல, 'கொண்டுபோனேன்'ன. பெறகு, 'கொண்டுபோயிக்கிட்டு இருந்தேன்'ன. கடைசியில, 'கொண்டுபோயிருப்பேன், மழை வந்துருச்சு'ன. ஒரு மூட்டைக்கு மூணு காலம் சொன்ன மனுசன், இதுக்குப் போயி ஏன் தெகைக்கிற?"

அவள் சொன்னது சரிதான் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. அதுவரை சரளமாகப் பேசிக்கொண்டிருந்த தமிழிலும் வாயைத் திறக்கும்முன் நின்று யோசிக்க ஆரம்பித்தேன். 'சாப்பிட்டாச்சா' என்று யாராவது கேட்டால் பதில் சொல்வதற்குள் அடுத்த வேளை வந்துவிடும்.

வண்டியின் பக்கப் பலகையில் கரியால் எழுதி வைத்துப் பார்த்தேன். மழையில் கரைந்தது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (இந்த மூளைதான் பின்னால் அரிசி ஆலை வைத்தது.) எழுத்தில் நிற்காததைப் பாதையில் நிறுத்துவது என்று தீர்மானித்தேன். மலை ஏற்றத்தில் எதிர்காலம்: மேடு இன்னும் முன்னால் கிடக்கிறது, ஆகவே 'த்ராயெரே!' என்று நீட்டி முழக்குவேன். சமதரையில் நிகழ்காலம்: 'த்ராய்கோ, த்ராய்கோ.' தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, மாடுகள் படுத்து அசைபோடும்போது இறந்தகாலம்: 'த்ராஹே...' என்று மெல்ல இழுப்பேன். த்ராயீயாவை மன்னித்து விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் இப்படியே ஏறி இறங்கினேன். ஸ்பானிஷ் நாக்கில் படிந்துவிட்டது. இன்னொரு ஆச்சரியமும் நடந்தது. ஏற்றத்தில் தார்க்குச்சியை எடுக்கவே தேவைப்படவில்லை, மாடுகள் தாமாகவே முக்கி இழுத்தன. ஸ்பானிஷ் படிக்கிறவனுக்கு முகத்தில் ஒரு களை வந்துவிடும் போலிருக்கிறது, அதைப் பார்த்து மாடுகளுக்கே மரியாதை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்குள் துரை தன் ஊரிலிருந்து திராட்சைக் குச்சிகளை வரவழைத்தார். மலைமேல் மழை அதிகம், திராட்சை அழுகும் என்று ஓடைப்பட்டிக்குக் கீழே ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். குச்சிகள் கப்பலில் வந்து, ரயிலேறித் தேனி ஸ்டேஷனில் இறங்கின. ஈரச் சாக்கில் சுற்றிய நாற்பது கட்டு. அவற்றை வாடாமல் உதிராமல் தோட்டத்தில் சேர்ப்பவனுக்கே காண்ட்ராக்ட் என்று துரை சொல்லிவிட்டார். வர்க்கி அவர் காதில் போட்டு வைத்திருந்தான், இங்கே உங்கள் பாஷை பேசுகிற வண்டிக்காரன் ஒருவன் இருக்கிறான் என்று. துரை துள்ளிக் குதித்து, அந்த ஆளே கொண்டுவரட்டும் என்றாராம். மச்சான் வண்டியும் மச்சான் கோட்டும் தயாராக நிற்க, குச்சி ஏறியது என் வண்டியில். அதாவது மச்சானுடைய வண்டிதான், ஆனால் நான் ஓட்டுகிற வண்டி.

தேனியிலிருந்து ஓடைப்பட்டி வரை ஒரு குச்சி உதிரவில்லை. வழியெல்லாம் ஈரம் தெளித்தேன். சின்னமனூரில் நிழல் பார்த்து நிறுத்தினேன். அன்று அந்த வண்டியில் போனது திராட்சை என்றா நினைக்கிறீர்கள், பிரசவத்துக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சி.

தோட்டத்து வாசலில் எல்லோரும் நின்றார்கள். துரை, துரைசானி, தோட்டத்து ஆட்கள், வர்க்கி. கோட்டுப் போட்ட மச்சான் துரைக்குப் பக்கத்திலேயே நின்று இங்கிலீஷில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். துரை பல்லுவலிக்காரர் மாதிரி கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

எந்த வண்டிக்காரனும் போய்ச் சேர்ந்ததும் முதலில் மாட்டை அவிழ்ப்பான். பிறகுதான் வாயைத் திறப்பான். எனக்குப் பாரத்தோடு நின்று பேசினால்தான் எடுப்பாக இருக்கும் என்று பட்டது. கட்டுகள் நன்றாகத் தெரியட்டும் என்று மேல்கயிற்றையும் பின்தட்டியையும் அவிழ்த்துவிட்டேன். மாடுகளை நுகத்திலேயே விட்டுவிட்டு இறங்கி, தலைப்பாகையைச் சரிசெய்து, துரை முன்னால் நின்றேன். தோட்டத்தைத் தாண்டி ஒரு மேடு, மேட்டுக்கு அந்தப்பக்கம் ஓடைப்பட்டித் தெரு. வண்டி மேட்டைப் பார்த்து நின்றது.

"த்ராஹே..." என்று ஆரம்பித்தேன். கொண்டுவந்தேன்.

துரை முகம் மலர்ந்தது. அதே நேரம் எனக்குப் பின்னால் தொப்பென்று சத்தம். மயிலையும் செவலையும் நுகத்தோடு படுத்துவிட்டன. வண்டி முன்பக்கம் சாய்ந்து நின்றது.

"என்ன மாப்ள, மாடு துரையக் கும்பிடுதா?" என்றார் மச்சான்.

ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெயிலில் களைத்திருக்கும் என்று நினைத்து நிகழ்காலத்துக்குப் போனேன். "த்ராய்கோ." கொண்டுவருகிறேன். மாடுகள் எழுந்து நின்றன. நாலடி நடக்கவும் செய்தன. வர்க்கியின் கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. அவனுக்குப் புரிந்துவிட்டது. "முத்தையா, மதி, மதி, நிறுத்து!" என்று கை காட்டினான். பிரமாதமாகப் பேசுகிறேன், அவனுக்கே பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

வருஷம் முழுக்க உங்களுக்குப் பாரம் கொண்டுவருவேன் என்பதுதான் என் பேச்சின் உச்சம். நெஞ்சை நிமிர்த்தி, குமுளி மலை கேட்கும்படி முழங்கினேன்:

"த்ராயெரே!"

என் மாடுகள் அப்படி இழுத்து நான் பார்த்ததில்லை. என்னையும் துரையையும் உரசிக்கொண்டு வண்டி மேட்டில் ஏறியது. ஓட்டுகிறவன் இல்லாத வண்டி. நான் பின்னாலேயே ஓடினேன். நிறுத்த வேண்டும், எதைச் சொன்னால் நிற்கும் என்று அந்த நொடியில்தான் எனக்கும் விளங்கியது. இறந்தகாலம் சொன்னால் நிற்கும். ஆனால் இரண்டு மாதம் படித்த இறந்தகாலம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வந்தது மன்னித்துவிட்ட த்ராயீயா. அதை மாடுகளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை. ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஓடின.

பின்னாலிருந்து வர்க்கி, "த்ராஹே! த்ராஹே!" என்று கத்திக்கொண்டே வந்தான். அவன் குரலை அவை மதிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நான் கத்தினேன். பயத்தில் கத்துகிறவனுக்கு மிகவும் பழகிய வார்த்தைதான் வரும். "த்ராயெரே! த்ராயெரே!" ஒவ்வொரு தடவைக்கும் வண்டி இன்னும் வேகமெடுத்தது. மேட்டின் உச்சியைத் தாண்டியதும் அந்தப்பக்கம் இறக்கம். கட்டுகள் ஒவ்வொன்றாகத் துள்ளி விழுந்தன, விழுந்தவை அவிழ்ந்தன. ஸ்பெயின் தேசம் ஓடைப்பட்டித் தெரு நெடுகச் சிதறியது.

தெருக்கோடியில் கிணற்றடித் தொட்டியைப் பார்த்து மாடுகள் தாமாகவே நின்று தண்ணீர் குடித்தன. நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்குள் ஊர்ப் பெண்கள் குச்சிகளைப் பொறுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"ஏடி, இது என்ன குச்சிடி? பல்லு வெளக்கவா?"

"கொடி மாதிரி இருக்கு. வேலிக்கு ஊனலாம்."

"இங்கன ரெண்டு போடு ஆத்தா, ஆட்டுக்குட்டி தின்னுதான்னு பாப்பம்."

"தொடாதீக, அது துரையோட குச்சி!" என்று நான் கத்தினேன். "துரை குச்சிக்கு நடுத்தெருவுல என்ன வேலை?" என்று கேட்டுவிட்டு ஒரு அம்மாள் ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

துரை மேட்டிலிருந்து இறங்கி வந்தார். வண்டியில் மீந்திருந்தது பதினோரு கட்டு. அவர் வாயிலிருந்து ஸ்பானிஷ் கொட்டியது. எல்லாக் காலமும் அதில் இருந்திருக்கும், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடைசி முயற்சியாக, சிதறியதையெல்லாம் பொறுக்கிக் கொண்டுவருவேன் என்று சமாதானம் சொல்லக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"த்ராயெரே" என்றேன்.

மாடுகள் தொட்டியிலிருந்து தலையைத் தூக்கிப் புறப்பட்டன. மீதியில் நாலு கட்டு தொட்டித் தண்ணீருக்குள் விழுந்தது. துரைசானி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

துரை மூச்சுவிட்டு, நிதானமாக ஒரு வாக்கியம் சொன்னார். வர்க்கி என்னைப் பார்க்காமல் மொழிபெயர்த்தான்: "நீ இனி ஒண்ணும் கொண்டுவரண்டான்னு துரை சொல்றாரு. முன்னயும் நீ கொண்டுவரல்ல, இப்பவும் கொண்டுவரல்ல, இனியும் வேண்டா, கேட்டோ."

காண்ட்ராக்ட் மச்சானுக்குப் போனது. மறுநாளே அவர் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வேறு வண்டிக்காரர்கள் என்னைக் கூலிக்குச் சேர்க்கவில்லை. மாடுகளையாவது விற்கலாம் என்று வீரபாண்டிச் சந்தைக்கு ஓட்டிப்போனேன். வாங்க வந்தவர் வாலை முறுக்கினார், தட்டினார், அதட்டினார். இரண்டும் அவரை வேடிக்கை பார்த்தன. நான் வெட்கப்பட்டுக்கொண்டே மெல்ல "த்ராய்கோ" என்றதும் நடந்தன. "மாட்டோட உன்னையும் சேத்துல்ல வாங்கணும்?" என்று அவர் போய்விட்டார். விற்கவும் முடியாமல், கூலிக்குப் போகவும் முடியாமல், பேச்சியின் காதுத்தோட்டை வைத்து ஒரு பழைய வண்டி வாங்கி நானே ஓட்டினேன். நான் முதலாளியானது இப்படித்தான். என் தைரியத்தைப் பார்த்து ஊர் வியந்தது. எனக்கு வேறு வழியில்லை என்று பேச்சி சொல்வாள். அது அவளுடைய அபிப்பிராயம்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது எதையாவது வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தால், "த்ராயெரேன்னு சொன்னீகளோ?" என்று கேட்பார்கள். மருமகள்கள்கூட. நான் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்பார்கள்.

சிரிக்கட்டும். ஆனால் நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டும். துரை மீந்த ஏழு கட்டையும் நூல் பிடித்து வரிசையாக நட்டார். அளந்து தண்ணீர் விட்டார். அத்தனையும் கரையான் தின்றது. கொஞ்ச காலத்தில் அவர் தேசத்தில் சண்டை வந்து, எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். ஓடைப்பட்டிப் பெண்கள் வேலியிலும் கிணற்றடியிலும் பாத்திரம் கழுவுகிற இடத்திலும் செருகிய குச்சிகள்தான் துளிர்த்தன. அவற்றிலிருந்து வெட்டி நட்டவைதான் பந்தல் பந்தலாகப் போயின. முதல் முதலில் அந்தப் பழத்தைக் கூடையில் அடுக்கித் தேனி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது என் வண்டி.

இப்போது எங்கள் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்கள் சங்கமாகக் கூடி ஒரு நினைவுக் கல் நடப்போகிறார்கள். திராட்சையை வரவழைத்தவர் துரை என்று முதல் வரி. நியாயம்தான். சுமந்து வந்தவர் சின்னச்சாமி என்று இரண்டாவது வரி. மச்சான் மகன்தான் சங்கத்தில் தலைவர், அதனால் வந்த வரி அது. கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றவர் எதைச் சுமந்தார்? தேனியிலிருந்து ஈரம் தெளித்துக் கொண்டுவந்தவன் நான். தெரு முழுக்கக் கொட்டியவனும் நான். அன்று நான் பத்திரமாக இறக்கியிருந்தால் நாற்பது கட்டும் கரையானுக்குத்தான் போயிருக்கும். ஆகவே சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்: மூன்றாவது வரியில் என் பெயர் வர வேண்டும். 'சிதறவிட்டவர் முத்தையா' என்று வெட்டுவதற்குக் கூச்சமாக இருந்தால், 'பரப்பியவர் முத்தையா' என்று வெட்டுங்கள்.